வேரைக் கவனிப்போம், உர மூட்டையைக் குறைப்போம்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் ஆலையில் உழைப்பவர்கள். பாதிப்பேர் வயலில் உழைப்பவர்கள். இரு சாராருக்கும் பொதுவான ஒரு பொருளைப் பற்றிப் பேச வேண்டும் என்று யோசித்தபோது யூரியா மூட்டைதான் நமக்கு நினைவுக்கு வந்தது. அது தொழிற்சாலையில் பிறக்கிறது. ரயிலிலும் லாரியிலும் ஏறி இறங்கி, சுமைத் தொழிலாளியின் முதுகில் கடைக்கு வருகிறது. விவசாயத் தொழிலாளியின் கையால் வயலில் விழுகிறது. கடைசியில் நெல்லாகி, அரிசியாகி, நம் எல்லோர் வீட்டு உலைக்கும் வந்து சேருகிறது.

ஆனால் அந்த மூட்டை முழுவதும் உலைக்கு வருகிறதா? அதுதான் இன்றையக் கேள்வி.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். இன்றைய யூரியா மூட்டை 45 கிலோ. அதில் நூற்றுக்கு 46 பங்குதான் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். ஆக மூட்டையில் ஏறத்தாழ 20 கிலோ 700 கிராம் தழைச்சத்து இருக்கிறது. தண்ணீர் கட்டிய நெல் வயலில் அதைக் கையால் இறைத்தால், அந்தப் போகத்துப் பயிர் எடுத்துக்கொள்வது வழக்கமாக நூற்றுக்கு 30லிருந்து 40 பங்கு வரைதான். ஆறு கிலோ, அதிகம் போனால் எட்டு கிலோ. மீதியில் கொஞ்சம் மண்ணில் தங்குகிறது. மற்றது காற்றோடும் தண்ணீரோடும் போய்விடுகிறது.

மூன்று மூட்டை சுமந்தால் பயிர் சாப்பிடுவது ஒரு மூட்டை! எந்த ஆலையிலாவது மூன்று பேல் பஞ்சை உள்ளே விட்டு ஒரு பேலுக்கு மட்டும் நூல் எடுத்தால் சும்மா இருப்பார்களா? எங்கே கசிகிறது என்று இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கமாட்டார்களா? வயலில் அந்த இயந்திரம் எது? வேர்! அதைத்தான் நாம் இன்று பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

மூட்டை வந்த கதை

முதலில் மூட்டையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம்.

நாம் மூச்சுவிடும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஆனால் பயிர் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கதவு பூட்டிய களஞ்சியத்தின் முன் பசியோடு நிற்பவனைப் போலப் பயிர் நிற்கிறது. 1909ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற ரசாயன நிபுணர் அந்தப் பூட்டைத் திறக்கும் வழியைக் காட்டினார். கார்ல் பாஷ் என்ற பொறியாளர் அதைத் தொழிற்சாலை அளவுக்குப் பெரிதாக்கினார். 1913ல் ஒப்பாவ் என்ற ஊரில் முதல் அமோனியாத் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. பாய்லர் வேலை தெரிந்த தோழர்கள் கவனியுங்கள்: சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தம், 400லிருந்து 500 டிகிரி சூடு. இவ்வளவும் இருந்தால்தான் காற்றிலுள்ள நைட்ரஜன் மசியும்.

அதே அமோனியாவிலிருந்து முதல் உலகப் போரில் வெடிமருந்தும் செய்தார்கள். போர் முடிந்த பிறகு, 1921 செப்டம்பர் 21ந் தேதி, அதே ஒப்பாவ் தொழிற்சாலையில் கிடங்கில் பாறைபோல் இறுகிக் கிடந்த உரத்தை வழக்கம்போல் சிறு வெடி வைத்து உடைத்தபோது கிடங்கு வெடித்தது. தொழிலாளிகளும் ஊர் ஜனங்களுமாக 500க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். உர மூட்டையின் விலை கடைப் பலகையில் எழுதியிருப்பது மட்டும்தான் என்று நினைக்கக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்று உலக மக்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு உணவு கிடைப்பது இந்தச் செயற்கைத் தழைச்சத்தினால்தான் என்று விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். ஆகவே மூட்டையைச் சபித்துப் பேசுவது சுலபம். அது இல்லாமல் சோறு போடுவது சுலபமில்லை.

விலை யார் கொடுப்பது?

யூரியா செய்ய இயற்கை எரிவாயு வேண்டும். நம் நாட்டு உரத் தொழிற்சாலைகள் எரிக்கும் வாயுவில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. எங்கேயோ போர் மூண்டால் இங்கே உரத்தின் அடக்க விலை ஏறுகிறது. 2022ல் உக்ரெயின் போர் மூண்டபோது அதைக் கண்ணால் பார்த்தோம். விவசாயி கொடுக்கும் விலையைச் சர்க்கார் ஏற்றவில்லை. ஆனால் 2022-23ல் உர மானியமாக மட்டும் ஏறத்தாழ 2½ லட்சம் கோடி ரூபாய் சென்றது. அது யார் பணம்? தீப்பெட்டி வாங்கினாலும் வரி கொடுக்கிறோமே, அந்தப் பணம். அந்தப் பணத்தில் வாங்கிய தழைச்சத்தில் பாதிக்கு மேல் பயிருக்குப் போய்ச் சேரவில்லை என்றால், நஷ்டம் நமக்குத்தான்.

அந்த நஷ்டம் நடக்கும் விதத்தைப் பாருங்கள். தேங்கிய தண்ணீரில் யூரியாவை இறைக்கிறோம். அது கரைந்து அமோனியாவாகிறது. வெயில் ஏற ஏற, பாசி படர்ந்த தண்ணீரில் காரம் கூடி, அமோனியா ஆவியாகப் பறக்கிறது. மிச்சத்தில் ஒரு பகுதியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றிவிடுகின்றன. அமோனியம் களிமண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும்; நைட்ரேட்டோ தண்ணீர் போகிற வழியெல்லாம் போகும். கீழே இறங்கிக் கிணற்றில் சேரும். காற்றில்லாத சேற்றில் வேறு நுண்ணுயிர்கள் அதையே வாயுவாக்கி மேலே விட்டுவிடும். அப்படிக் கிளம்பும் நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வாயு, எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு பூமியைச் சூடாக்குகிறது. வெயிலில் நின்று நடவு நடும் நம் பெண்களுக்கு அந்தச் சூடு புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

உரம் கூடினால் விளைச்சல் கூடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் முடியாது. பயிர் கரும்பச்சையாக நிற்பதைப் பார்த்து நிலக்காரர் மகிழ்கிறார். அந்தக் கரும்பச்சையைப் பார்த்துப் புகையானும் மகிழ்கிறது. இலைச்சுருட்டுப் புழுவும் மகிழ்கிறது. குலை நோய்க்கும் கொண்டாட்டம். பிறகு மருந்து டப்பா வருகிறது. அதைத் தெளிப்பவர் யார்? அதுவும் நம் ஆள்தான்.

ஒரே நாளில் நிறுத்தலாமா?

அப்படியானால் நாளையே நிறுத்திவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். அதற்குப் பதில் கடலுக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. இலங்கையில் 2021 மே மாதத்தில் அன்றைய அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தது. மாற்று உரம் தயாராக இல்லை. விதை தயாராக இல்லை. மண்ணும் தயாராக இல்லை. நெல் விளைச்சல் பலமாக விழுந்தது. அரிசியை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டி வந்தது. தேயிலைத் தோட்டங்களும் அடிபட்டன. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். நவம்பரில் தடை தளர்ந்தது. ஆனால் அந்தப் போகம் போனது போனதுதான்.

இதில் நமக்கு உள்ள பாடம் என்ன? மூட்டையைக் குறைக்க வேண்டும். ஆனால் மூட்டை செய்த வேலையைச் செய்ய வேறு ஒன்றைத் தயார் செய்துவிட்டுத்தான் குறைக்க வேண்டும். அந்த வேறு ஒன்று வேரிலிருந்துதான் வர வேண்டும்.

வேர் செய்யும் வேலை

களை பறிக்கும்போது ஒரு குத்து நெல் கையோடு வந்துவிட்டால் அதன் வேரைப் பாருங்கள். புதிய வேர் வெண்மையாக இருக்கும். பழைய வேரின்மேல் துருப் பிடித்தாற்போல் செம்பழுப்புப் பூச்சு இருக்கும். அது நல்ல அடையாளம். நெல்லின் வேருக்குள் காற்றுக் குழாய்கள் உண்டு. இலை வழியாகக் காற்று இறங்கி, சேற்றுக்குள் இருக்கும் வேருக்குப் போகிறது. அந்தக் காற்று கசிந்து மண்ணிலுள்ள இரும்பைத் துருவாக்குகிறது. வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசினால் அது மூச்சுத் திணறுகிறது என்று பொருள். மூச்சுத் திணறும் வேருக்கு மேலே எத்தனை மூட்டை கொட்டினாலும் அது வாரிக்கொள்ளாது.

வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்பதும் முக்கியம். 1966ல் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் வந்தது. பழைய நெட்டை ரகங்கள் உரம் அதிகமானால் சாய்ந்துவிடும். குட்டை ரகம் சாயாமல் நின்று கதிர் கொடுத்தது. அதனால் பஞ்சம் தணிந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்திலிருந்து புதிய ரகங்களை உரம் தாராளமாகப் போட்ட வயலில் வைத்தே பொறுக்கினார்கள். தாளைப் பார்த்தார்கள், கதிரைப் பார்த்தார்கள். மண்ணைத் தோண்டி வேரைப் பார்த்துப் பொறுக்கியவர்கள் மிகச் சிலரே. மேலேயே சாப்பாடு கிடைக்கும்போது வேர் எதற்காக ஆழம் போக வேண்டும்?

இப்போது வேரைத் தேடிப் போகிறார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் மேட்டு நிலத்தில் விளையும் கினாண்டாங் பாட்டோங் என்ற பழைய நெல் ஒன்று உண்டு. அதன் வேர் பக்கவாட்டில் படராமல் நேராகக் கீழே இறங்கும். அதற்குக் காரணமான மரபணு ஒன்றை ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்து, 2013ல் வெளியிட்டார்கள். அதை ஐ.ஆர்.64 என்ற ரகத்தில் இனக்கலப்பால் சேர்த்தபோது வறட்சியிலும் பயிர் தாங்கியது. மறு ஆண்டு வெளியான ஆராய்ச்சியில், தண்ணீர் கட்டிய வயலிலும் ஆழ வேர் அடியிலுள்ள தழைச்சத்தைக் கதிர் முற்றும் காலம்வரை எடுத்து விளைச்சலைக் கூட்டியது தெரிந்தது. ஒரு மலைநாட்டு விவசாயி பரம்பரையாகக் காப்பாற்றிவந்த விதையில் அந்த வேர் இருந்தது!

வேரின் கூட்டாளிகள்

உளுந்துச் செடியைப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகளைப் பார்த்திருப்பீர்கள். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அதற்குள் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனை அவைதான் பயிருக்கு உணவாக்குகின்றன. ஒப்பாவ் தொழிற்சாலை 200 மடங்கு அழுத்தத்தில் செய்ததை அவை சாதாரண மண்ணின் சூட்டில் செய்கின்றன. கூலியாகச் செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்ட் என்ற இருவர் 1886ல் இந்த உண்மையை வெளியிட்டார்கள்.

நெல்லுக்கும் கோதுமைக்கும் சோளத்துக்கும் இந்த முடிச்சு கிடையாது. இதுதான் தானியப் பயிரின் வறுமை. நைட்ரஜனை மாற்றும் அந்தப் பொருள் பிராணவாயு பட்டால் கெட்டுவிடும். ஆகவே காற்று நுழையாத ஓர் அறையும், நிறையச் சர்க்கரையும் இருந்தால்தான் வேலை நடக்கும். உளுந்து அந்த அறையை வேரில் கட்டிக்கொள்கிறது. தானியப் பயிருக்கு அது தெரியாது என்றே வெகுகாலம் நினைத்தார்கள்.

மெக்ஸிகோ நாட்டில் ஓவாஹாகா மாநிலத்தின் மலைப் பகுதியில் மிஹே என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பயிரிடும் மக்காச்சோளம் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே வளரும். தண்டின் கணுக்களிலிருந்து விரல் பருமனில் வேர்கள் காற்றில் தொங்கும். மழைக்காலத்தில் அந்த வேர்களிலிருந்து கூழ்போல் ஒரு பசை வடியும். பசையில் சர்க்கரை உண்டு. உள்ளே பிராணவாயு குறைவு. அதில் பாக்டீரியாக்கள் குடியேறிக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கின்றன. அந்தச் சோளம் தனக்கு வேண்டிய தழைச்சத்தில் நூற்றுக்கு 29லிருந்து 82 பங்கு வரை காற்றிலிருந்தே பெறுகிறது என்று 2018ல் வெளியான ஆராய்ச்சி கூறியது. அந்தப் பயிர் முற்றுவதற்கு நீண்ட மாதங்கள் ஆகும். ஈரமான மலைக் காற்றும் வேண்டும். நம் வயலில் அப்படியே கொண்டுவந்து நட முடியாது. ஆனால் தானியப் பயிராலும் இது முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

இன்னொரு வழியும் வேரில் இருக்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அமோனியத்தை நைட்ரேட்டாக்கி ஓடவிடுகின்றன என்றோம். அதைத் தாமதப்படுத்தத்தான் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசுகிறார்கள். 2015 முதல் நம் நாட்டில் செய்யும் யூரியா முழுவதற்கும் அது கட்டாயம். இதே வேலையை நம் சோளத்தின் வேர் தானாகவே செய்கிறது! அதன் வேர்த் தூவிகளிலிருந்து எண்ணெய்த் துளிபோல் ஒரு பொருள் கசிந்து அந்த நுண்ணுயிர்களை மட்டுப்படுத்துகிறது. ஒரு காட்டுப் புல்லின் வேரிலும் இந்தக் குணம் உண்டு. ஜப்பானிய விஞ்ஞானிகளும் மெக்ஸிகோவிலுள்ள சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து அந்தக் குணத்தை இனக்கலப்பின் மூலம் கோதுமைக்குக் கொண்டுவந்து, 2021ல் முடிவை வெளியிட்டார்கள். உரத்தைக் காவல் காக்கும் வேர் என்று இதைச் சொல்லலாம்.

விதை யார் கையில்?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மிஹே மக்களின் சோளத்தை ஆராய்ந்ததில் சர்வகலாசாலைகளோடு ஒரு பெரிய சாக்லேட் கம்பெனிக்கும் பங்கு இருந்தது. அந்த ஊர் மக்களோடு பயனைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் ஒன்றும் செய்யப்பட்டது. நல்லதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த விதையைப் பொறுக்கி வைத்த ஜனங்களுக்கு எவ்வளவு, கம்பெனிக்கு எவ்வளவு? நாளை அந்தக் குணம் சேர்ந்த விதை கடைக்கு வரும்போது, உர மூட்டைக்குக் கொடுத்த பணத்தை விதைப் பொட்டலத்துக்குக் கொடுக்கும்படி ஆகிவிட்டால் விவசாயி கண்ட லாபம் என்ன? ஜனங்களின் வயலில் பிறந்த வேர், சர்க்கார் ஆராய்ச்சி நிலையங்களின் மூலம் ஜனங்களுக்கே திரும்பி வர வேண்டும். விளைந்ததில் விதை எடுத்து வைக்கும் உரிமை விவசாயியிடம் இருக்க வேண்டும். இதை இப்போதே கேட்டுவைப்போம்.

இன்றே செய்யக்கூடியவை

புதிய விதை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்த வழிகளே பல உண்டு.

முதலாவது, நடவுக்கு முன் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, ஏழு வாரத்தில் பூக்கும் சமயம் மடக்கி உழுவது. நன்றாக வளர்ந்திருந்தால் ஏக்கருக்கு ஒரு யூரியா மூட்டைக்குக் குறையாத தழைச்சத்து மண்ணில் சேரும். நெல் தரிசில் உளுந்து தெளிப்பதும் அப்படியே.

இரண்டாவது, உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல், தண்ணீரை வடித்துவிட்டுப் பகுதி பகுதியாக இடுவது. இலை வண்ண அட்டையை இலையோடு ஒட்டிப் பார்த்து, வெளுத்தால் மட்டும் மேலுரம் இடலாம். அட்டை மலிவு, மூட்டை மலிவில்லை.

மூன்றாவது, அசோஸ்பைரில்லம் போன்ற நுண்ணுயிர் உரம். பிரேஸிலில் ஜொஹானா டோபரைனர் என்ற அம்மையார் 1970களில் இதை உலகறியச் செய்தார். இது யூரியாவுக்கு முழு ஈடாகாது. வேரை நன்றாகக் கிளைக்கச் செய்வதே இதன் பெரிய உதவி. வெயிலில் காய்ந்த பொட்டலத்தில் உயிர் இருக்காது. தேதி பார்த்து, நிழலில் வைத்ததை வாங்க வேண்டும்.

நான்காவது, உரத்தை வேருக்கு அருகிலேயே கொண்டுபோய் வைப்பது. வங்க தேசத்தில் யூரியாவைப் பெரிய குண்டுகளாக்கி, நான்கு குத்துக்கு நடுவே நான்கு விரல்கடை ஆழத்தில் சேற்றில் புதைக்கிறார்கள். யூரியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது, விளைச்சலும் குறைவதில்லை. ஆனால் ஒவ்வொரு குண்டையும் குனிந்து புதைப்பது யார்? மிச்சமாகும் பணம் நிலக்காரருக்கு, முதுகுவலி கூலிக்காரருக்கு என்று இருந்தால் அது நியாயமாகாது. புதைக்கும் கருவி வேண்டும். அதிக வேலைக்கு அதிகக் கூலியும் வேண்டும். இதைச் சேர்த்தே பேச வேண்டும்.

தோழர்களே! இலையின் பச்சையை வரப்பில் நின்று யாரும் பார்க்கலாம். வேரைப் பார்ப்பவர் சேற்றில் இறங்கிக் களை பறிப்பவர்தான். வேர் வெளுத்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா, உளுந்தில் முடிச்சு விழுந்ததா என்று முதலில் அறிவது அந்தக் கை. ஆனால் இந்த வயலுக்கு எத்தனை மூட்டை என்று முடிவு செய்யும்போது அந்த ஆளை யாரும் கேட்பதில்லை. இனிக் கேட்கச் செய்வோம். விவசாய அதிகாரி கிராமத்துக்கு வரும் நாளில் விவசாயத் தொழிலாளரையும் அழைக்கும்படி கோருவோம். பச்சை உர விதையும் இலை வண்ண அட்டையும் போகம் தொடங்குமுன் கிடைக்கும்படி மனுக் கொடுப்போம்.

இந்தப் போகத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வயலில் ஒரு குத்தைப் பிடுங்கி, வேரைக் கழுவி, பக்கத்தில் வேலை செய்பவரிடம் காட்டுங்கள். அடுத்த கூட்டத்தில் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள், நாம் கேட்டுக்கொள்கிறோம்.